நாலாம் சில்லு

வீட்டைப் பூட்டிவிட்டுப் படலை வரை போய், சந்தேகம் வந்து, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். எங்கள் மிஸ் அந்த நாலு பேரில் ஒருவர் அல்ல. அவருக்குச் சந்தேகமே வருவதில்லை. வந்தாலும் வராவிட்டாலும் இழுத்துப் பார்ப்பார். மழை நாளில் கதவு ஊதியிருக்கும்போது ஒரு தரம், வெயிலில் காய்ந்து சுருங்கியிருக்கும்போது ஒரு தரம் என்று வேறு இழுப்பார். "பூட்டினனான் எண்டு எனக்குத் தெரியும் தம்பி. பூட்டு நிக்குதோ எண்டுதான் பாக்கிறன்" என்பார். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்பது எனக்கு விளங்கக் கனகாலம் எடுத்தது.

அறுபதுகளின் தொடக்கம் அது. கிளிநொச்சியில் தண்டவாளத்தை ஒட்டினாற்போல் தகரக் கூரை போட்ட ஒரு நில அளவைக் கந்தோர். அங்கே காணிப் படம் கீறுவது என் வேலை. குளத்தை நம்பிக் காடு வெட்டி, யாழ்ப்பாணப் பக்கத்துச் சனங்களைக் கொண்டுவந்து குடியேற்றிக்கொண்டிருந்த காலம். முதலில் தடி நட்டு எல்லை காட்டிவிடுவார்கள். சனங்கள் கொட்டில் போட்டு, கிணறு வெட்டி, தோட்டம் செய்யத் தொடங்கிவிடுவார்கள். பிறகு ஆறுதலாக அளவைக்காரர்கள் சங்கிலியோடு போய் அளப்பார்கள். அந்த அளவு எங்கள் கந்தோருக்கு வந்து, கணக்கு அறையில் கணக்காகி, என் மேசைக்கு வரும். நான் கோடு கீறுவேன். நான் கீறிய கோட்டில் கல் நடுவார்கள். கல் நட்டால் அதுதான் எல்லை.

கணக்கு அறையில் இருந்தவர்தான் மிஸ். கொக்கிளாய்க்காரர், கடற்றொழில் செய்த வேதக்காரக் குடும்பம். முப்பது வயதிருக்கும், கலியாணம் செய்யவில்லை. ஒரு வாத்தியார் வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தார். கந்தோரில் இருந்த ஒரே பெண் என்பதால் பியோன் முதல் பெரிய ஐயா வரை எல்லோருக்கும் அவர் மிஸ்தான். பெயர் சொல்லி அழைத்த யாரும் எனக்கு நினைவில் இல்லை. நானும் இங்கே சொல்லப்போவதில்லை.

அவர் சந்தையில் மீன் வாங்குவதைப் பார்க்கவேண்டும். "எப்ப பட்ட மீன்?" என்று கேட்பார். "இண்டைக்கு விடியத்தான் மிஸ்" என்பான் வியாபாரி. தலையாட்டிவிட்டுப் போய் வெண்டிக்காய், தேங்காய் எல்லாம் வாங்கிக்கொண்டு திரும்ப வருவார். "விடியப் பேய்க்காத்தாமே, வள்ளங்கள் இறங்கினதோ?" அவன் முதல் சொன்னதை மறந்து, "அந்தக் காத்துக்க ஆர் மிஸ் இறங்கினது" என்று விடுவான். அவ்வளவுதான். கோபிக்கமாட்டார். ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் பையைச் சுருட்டிக்கொண்டு நடப்பார். பிற்காலத்தில் மிஸ் தூரத்தில் வரும்போதே "நேத்தையான் மீன் மிஸ்!" என்று அவன் தானாகவே கத்தத் தொடங்கிவிட்டான்.

எனக்கும் இந்தச் சோதனை உண்டு. வெயிலுக்குச் சோம்பல்பட்டு மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு மேசையில் சாய்ந்திருப்பேன். "சாப்பிட்டாச்சோ தம்பி?" "ஓம் மிஸ்." போய்விடுவார். கொஞ்ச நேரம் கழித்து ஏதோ தாளைத் தேடி வந்ததுபோல் வந்து, "இண்டைக்குக் கடையில என்ன கறி?" என்பார். நான் முழிப்பேன். மறுபேச்சில்லாமல் தன் டப்பாவில் இருந்து பொரித்த மீனும் இரண்டு துண்டு பாணும் என் மேசைக்கு வரும். அவர் என்னை நம்பவில்லை என்று எனக்கு எரிச்சல் வரும். மீன் நல்ல ருசியாகவும் இருக்கும்.

"ஏன் மிஸ் ஒருத்தரையும் நம்பிறேல்லை?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"நம்பாமல் இல்லைத் தம்பி" என்றார். "எங்கட வள்ளம் கரையில கிடக்கேக்க ஒரு சொட்டும் ஒழுகாது. அண்ணை உள்ளுக்குத் தண்ணி ஊத்திப் பாத்தவர். களப்புக்குள்ள, கரையோட வலிச்சும் பாத்தவர். திறமாத்தான் இருந்தது. பாரம் ஏறி, அலை அடிச்சு, பலகை நெரிபடேக்கதான் அது வாய் திறக்கிறது. அதைக் கரையில நிண்டு எப்பிடிக் காணிறது?"

அண்ணன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. ஒரு கூட்டலைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு மெசினின் கைபிடியைச் சுற்றத் தொடங்கினார். நான் அதன் பிறகு அவரைப் பகிடி பண்ணுவதைக் குறைத்துக்கொண்டேன். முற்றாக விட்டேன் என்று சொல்லமாட்டேன்.

மெசின் என்றது கணக்கு மெசினை. இந்தக் காலத்துக் கம்பியூட்டரைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். தட்டச்சுப் பொறி அளவில் ஒரு கறுத்த இரும்புப் பெட்டி. மேலே எண்களை வைக்கச் சின்னச் சின்ன நெம்புகள், வலது பக்கத்தில் ஒரு கைபிடி. ஒரு சுற்றுச் சுற்றினால் வைத்த எண் கூடும். கீழே வரிசையாக யன்னல்கள், யன்னலுக்குள் சக்கரம்போல் சுழல ஒரு சில்லு, சில்லின் விளிம்பில் எண்கள். இதுவரை கூட்டிய தொகையை அந்தச் சில்லுகள்தான் பிடித்து வைத்திருக்கும். நாம் அழிக்கும் வரை அது மறக்காது என்பது கந்தோரில் எல்லோருடைய நம்பிக்கை. கணக்கின் நடுவில் எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து, விட்ட இடத்தில் இருந்து தொடரலாம்.

அந்த நம்பிக்கையைக் கெடுத்தவர் பாக்கியம் அக்கா.

விசுவமடுப் பக்கத்துக் குடியேற்றத்தில் இருந்து ஒரு காலைப்பொழுது அவரும் புருசன் கந்தையா அண்ணையும் வந்தார்கள். அண்ணை விறாந்தையிலேயே நின்றுவிட்டார். அக்கா நேரே கணக்கு அறைக்குள் போனார்.

"தங்கச்சி, கல்லு நட வந்தவங்கள் எங்கட கிணறு பக்கத்துக் காணிக்குள்ள போட்டுது எண்டுறாங்கள். அது நானும் இவருமாய் வெட்டின கிணறு. அவர் பாறை உடைக்க நான் மண் சுமந்தனான். சுத்திவரக் கிண்டின இடமெல்லாம் சவர்த் தண்ணி. எங்கடதில மட்டும்தான் நல்ல தண்ணி வந்தது. அது போனால் நாங்கள் அங்க என்னத்துக்கு இருக்கிறது?"

பழைய தடி எங்கே நின்றது என்று மிஸ் கேட்டார். அக்கா சொன்னார். பிறகு மிஸ் விறாந்தைக்குப் போய்ப் பேச்சோடு பேச்சாக அண்ணையிடமும் கேட்டார். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. திரும்பி வந்த மிஸ்ஸிடம் அக்கா ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கந்தோரில் அதுவரை ஒருவரும் அதைக் கேட்டதில்லை.

"உந்த மெசின் பிழைவிடாதோ தங்கச்சி?"

மீன்காரனையும் என்னையும் பூட்டையும் சோதித்த மனுசி, தினமும் கை வைக்கும் மெசினைச் சோதிக்கவில்லை. அவர் முகம் ஒரு மாதிரிப் போனதை நான் பார்த்தேன். "பாத்துச் சொல்லுறன் அக்கா" என்றார். அந்தக் குடியேற்றத்தின் கணக்கை அவர் செய்யவில்லை. அவருக்கு முன் அந்தக் கதிரையில் இருந்து, மாற்றலாகிப் போனவர் செய்தது. இருந்தும் தானே பிழைவிட்டதுபோல் அவர் துடித்தார்.

பெரிய ஐயா நியாயமான மனுசன். "மெசின் பிழையெண்டால் எனக்கு ஒருக்காக் காட்டுங்கோ மிஸ். கண்ணால கண்டால் அந்தக் கணக்கு முழுக்கக் கையால திருப்பிச் செய்விக்கிறன். காணாமல் கல்லைப் பிடுங்கேலாது" என்றார்.

மிஸ் தொடங்கினார். எல்லா யன்னலிலும் ஒன்பதை நிறுத்திவிட்டு அப்படியே விட்டுவைப்பார். போய் வந்து பார்ப்பார். ஒன்பது ஒன்பதாகவே நிற்கும். பிறகு எல்லாவற்றையும் சைபராக்கி விடுவார். பிறகு ஒன்றுவிட்டு ஒன்று: ஒன்று, சைபர், ஒன்று, சைபர். கூட்டிப் பார்ப்பார், அதையே கழித்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து பார்ப்பார். காலைக் குளிரில் பார்ப்பார், தகரம் கொதிக்கும் மத்தியானத்தில் பார்ப்பார். மெதுவாகச் சுற்றுவார், என்னைக் கூப்பிட்டு முரட்டுத்தனமாகச் சுற்றச் சொல்வார். மெசின் ஒரு பிழையும் விடவில்லை. "மிஸ், மெசின் உங்களுக்குப் பயந்துபோய் ஒழுங்காய் நடக்குது" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இதற்கிடையில் பாக்கியம் அக்கா இன்னொரு முறையும் வந்துபோனார். பக்கத்துக் காணிக்காரர் கெட்டவர் இல்லையாம். கடுதாசி என்ன சொல்லுதோ அதுதான் என்கிறாராம். வரும்போது தன் கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றித் தந்தார். பெரிய ஐயாவும் வாங்கிக் குடித்தார். இளநீர் போலத்தான் இருந்தது.

ஒருநாள் மிஸ் என் மேசைக்கு வந்து நின்றார்.

"எனக்கு முந்தி இருந்தவர் தேத்தண்ணி மணி அடிச்சால் என்ன செய்வார்?"

"என்ன செய்வார்? மணி அடிச்சு முடியமுந்திக் குசினி வாசல்ல நிப்பார்."

"கைபிடி?"

"எங்க நிக்குதோ அங்கதான். பாதிச் சுத்தில விட்டிட்டு ஓடுவார்."

மிஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் எழும்பும்போது கைபிடியை அதன் வீட்டுக்கு, சுற்றுத் தொடங்கும் இடத்துக்கு, கொண்டுவந்து, கொளுவி நிறுத்தாமல் எழும்பியதே இல்லை. கைபிடி வீட்டில் நின்றால் சில்லுகள் பூட்டிக்கொள்ளும். பாதியில் நின்றால் ஒரு சின்னக் கம்பிச்சுருள்தான் ஒவ்வொரு சில்லையும் பிடித்துக்கொண்டிருக்கும். அவருடைய கவனம்தான் மெசினின் பிழையை இவ்வளவு நாளும் மூடிவைத்திருந்திருக்கிறது.

அதன் பிறகு அவர் கவனமில்லாமல் இருக்கப் பழகினார். அது அவருக்கு எவ்வளவு கஷ்டமான வேலை என்று நான் கண்டேன். மணி அடித்ததும் கைபிடியைப் பாதியில் விட்டுவிட்டு எழும்புவார். இரண்டு எட்டு வைத்ததும் அவரை அறியாமலே கை பின்னுக்குப் போகும். "போங்கோ மிஸ், ஓடுங்கோ!" என்று நான் துரத்துவேன். பாவம், ஓடுவார்.

அடுத்து ஒருநாள் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால், வலமிருந்து நாலாம் யன்னலில் ஒன்பதுக்குப் பதில் எட்டு நின்றது. யாரோ தொட்டுவிட்டார்கள் என்றோம். பியோனைப் பிடித்து உலுக்கினோம். அவன் சத்தியம் பண்ணினான். மறுநாள் மிஸ் தேத்தண்ணிக்கு வரவில்லை. கைபிடியைப் பாதியில் விட்டுவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு மெசினையே பார்த்தபடி இருந்தார். நானும் பக்கத்தில் நின்றேன். வடக்கே இருந்து தண்டவாளத்தில் சாமான் கோச்சி வந்தது. கந்தோர் யன்னல் கண்ணாடிகள் கிடுகிடுத்தன, மேசை அதிர்ந்தது. நாலாம் சில்லு மெல்ல ஒரு பல் பின்னுக்கு நகர்ந்து எட்டில் போய் நின்றது. ஒருவரும் தொடவில்லை.

மிஸ் கையைத் தட்டிச் சிரித்தார். அந்த மனுசி அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "கண்டனியளோ தம்பி? கண்டனியளோ?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். பெரிய ஐயா பார்க்க வந்த அன்று கோச்சி வெறும் பெட்டிகளோடு போனது, சில்லு அசையவில்லை. மிஸ் அசரவில்லை. "பாரம் ஏத்தின கோச்சி வரட்டும் ஐயா" என்றார். பெரிய ஐயா பொறுமையோடு திரும்பவும் வந்தார். நெல் மூட்டை ஏற்றிய கோச்சி போனது. சில்லு நகர்ந்தது. பெரிய ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "கையால போடுங்கோ" என்றார்.

பாக்கியம் அக்காவுக்கு ஆள் போய்ச் சொன்னது. அடுத்த பஸ்ஸில் வந்து மிஸ்ஸின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இன்னும் முடியேல்லை அக்கா, கணக்குப் போடவேணும்" என்று மிஸ் கையை இழுத்துக்கொண்டார். அக்கா கேட்டால்தானே. போகும்போது எனக்கும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மடக்கை வாய்பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மிஸ் கையால் கணக்குப் போட்டார். ஒவ்வொரு கோட்டையும் இருக்கிற வழியெல்லாம் போட்டுப் பார்த்தார். நான் பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கிணற்றைச் சுற்றிக் கோடு எப்படி வளைந்து வரும் என்று மனதுக்குள் கீறிக்கூடப் பார்த்துவிட்டேன்.

ஒரு பின்னேரம் வந்து என் மேசையில் தாளை வைத்தார். முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

"கிணத்துப் பக்கத்துக் கோட்டில மெசின் பிழைவிடேல்லைத் தம்பி. நட்ட கல்லு சரி. தடி நட்டவைதான் பிழையா நட்டிருக்கினம்."

"அப்ப கிணறு?"

"பக்கத்துக் காணிதான்."

நான் பென்சிலைக் கீழே வைத்தேன். அவர் போகவில்லை. நின்றார்.

"பின்பக்கத்துக் கோட்டிலதான் நாலாம் சில்லு நழுவியிருக்கு. அவைக்குக் கூடக் குடுத்திட்டுது. அந்தத் துண்டு வாய்க்காலுக்கு விட்ட நிலம். அவையின்ர குசினியும் மிளகாய்த் தோட்டமும் அதுக்குள்ளதான் நிக்குது."

கிணற்றைக் காப்பாற்றப் போன சோதனை கிணற்றையும் தராமல், குசினியையும் கேட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. பார்த்தது போதுமா, பிழையாக இருக்காதா என்று நான் கேட்கவில்லை. அவரிடம் அதைக் கேட்பதில் அர்த்தம் இல்லை.

"மிஸ்" என்றேன், குரலைத் தாழ்த்தி. "பின்பக்கத்தைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்லை. வாய்க்கால் இன்னும் வெட்டேல்லை. கொஞ்சம் தள்ளிப் போனால் தண்ணி ஓடாதோ?"

"ஓடும்."

"பிறகென்ன?"

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். "பிழையெண்டு தெரிஞ்ச கோட்டுக்கு நான் எப்பிடிச் சரியெண்டு கையெழுத்து வைக்கிறது?" என்றார். பிறகு, "கீறுங்கோ தம்பி" என்றார்.

கீறினேன். அந்தக் கணத்தில் அவர் மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போதும் மறைக்க விருப்பமில்லை. இந்த மனுசிக்கு இரும்பின் மேல் இருக்கிற இரக்கம் மனுசர் மேல் இல்லை என்று நினைத்தேன். அது உண்மையில்லை என்பது அடுத்த நாள் தெரிந்தது. கடுதாசி போய்ச் சேருமுன் தானே நேரில் போய்ச் சொல்லவேண்டும் என்று லீவு போட்டார். தனியாக விட மனம் வராமல் நானும் போனேன்.

பரந்தன் சந்தியில் இறங்கி முல்லைத்தீவு பஸ்ஸில் மாறி ஏறி, விசுவமடுவில் இறங்கி நடந்தோம். பாக்கியம் அக்கா எங்களைத் தூரத்திலேயே கண்டுவிட்டார். ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி ஓடிவந்தார். "வாங்கோ, வாங்கோ! இஞ்சேருங்கோ, மிஸ் வந்திருக்கிறா!" என்று தோட்டத்துக்குள் நின்ற அண்ணையைக் கூப்பிட்டார். வீட்டில் இருந்த ஒரே கதிரையை எடுத்துவந்து நிழலில் போட்டார். மிஸ் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னார். முதலில் கிணற்றை. பிறகு பின்பக்கத்தை. பூசி மெழுகவில்லை, சுற்றி வளைக்கவில்லை.

மிளகாய்ச் செடிகள் அப்போதுதான் காய்த்துச் சிவக்கத் தொடங்கியிருந்தன. கந்தையா அண்ணை அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா பார்த்தது மிஸ்ஸின் முகத்தை.

"தங்கச்சி, நான் ஒண்டு கேக்கிறன். நான் அண்டைக்குக் கந்தோருக்கு வந்து மெசினைப் பற்றிக் கேக்காமல் விட்டிருந்தால், இந்தப் பின்வளவு எங்களிட்டயே இருந்திருக்குமோ?"

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். தெரியாது என்று சொல்லுங்கோ, எப்படியும் பிடிபட்டிருக்கும் என்று சொல்லுங்கோ என்று மனதுக்குள் மன்றாடினேன்.

"ஓம் அக்கா" என்றார் மிஸ்.

அக்கா நின்ற இடத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டார். அழவில்லை. கையில் அகப்பட்ட மண்கட்டி ஒன்றை நசித்துக்கொண்டிருந்தார். அண்ணைதான் கிட்ட வந்து, "நீ கேட்டதில ஒரு பிழையும் இல்லையப்பா" என்று மெதுவாகச் சொன்னார். அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தரம். கொஞ்ச நேரம் பொறுத்து அக்கா எழும்பிச் சேலையைத் தட்டிவிட்டு, "வெயிலுக்க வந்திருக்கிறியள். இருங்கோ, தேத்தண்ணி வைக்கிறன்" என்று அந்தக் குசினிக்குள் போனார். நாங்கள் குடித்தோம். சீனி அளவாகப் போட்டிருந்தார். படலை வரை வந்து, பஸ்ஸுக்கு எந்தப் பக்கத்தால் போனால் கிட்ட என்று வழியும் காட்டிவிட்டார்.

தெருவுக்கு வந்ததும் மிஸ் குடையை மடித்து என்னிடம் தந்துவிட்டு, வீதியோரத்தில் நின்று அழுதார். அண்ணனைப் பற்றிச் சொன்னபோது அழாத மனுசி. பஸ்ஸுக்கு நின்ற சனங்கள் பார்க்கிறார்கள் என்ற யோசனைகூட இல்லாமல் வாய்விட்டு அழுதார். நான் குடையை விரித்து அவர் மேல் பிடித்தேன்.

"அவா என்னை ஏசியிருக்கலாம் தம்பி" என்றார். "ஒரு சொல்லாவது ஏசியிருக்கலாம்."